ஊட்டத்தூரில் இருந்து நின்னியூர் வரை

எங்க அரியலூர் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல் எல்லாம் ஒரு காலத்துல கடலடியில படிஞ்சது. "ஒரு காலம் எங்க முடிஞ்சு இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு கல்லைப் பாத்து எப்படிச் சொல்றாங்க?"ன்னு டவுன்ல இருந்து வர்றவங்க கேக்குறாங்க.

பழைய குப்பைக்குழி ஒண்ணை நெனச்சுக்குங்க. அடியில மண்பானை ஓடு, அதுக்கு மேல அலுமினியம், அதுக்கும் மேல பிளாஸ்டிக். பிளாஸ்டிக் முதல்ல தலைகாட்டுற இடத்துல ஒரு கோடு போடலாம். வருஷம் தெரியாட்டியும் எது முந்தி, எது பிந்தின்னு தெரிஞ்சுடும். பாறையிலயும் இதே கணக்குதான். பிளாஸ்டிக்குக்குப் பதிலா கல்லாகிப்போன உயிர்கள்.

புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் கிடைத்த கிளிஞ்சல்களைப் பற்றி 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இங்க வந்து, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு மூணு தொகுதியா பிரிச்சார். அவரோட அறிக்கை 1862-ல் வந்தது. ஒரு கிராமத்துப் பேரு உலகப் புத்தகத்துல ஏறிடுச்சு பாருங்க!

அடுக்குகள் கிழக்கே லேசா சாஞ்சு கிடக்கு. அதனால மேற்கே ஊட்டத்தூர்ல இருந்து கிழக்கே நடந்தா பழசுல இருந்து புதுசுக்குப் போறோம். ஊட்டத்தூர் தொகுதியில, காரை ஓடைகள்ல, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் கிடைக்குது. அரியலூர் தொகுதியிலயும் உண்டு. செந்துறை பக்கம் நின்னியூர் அடுக்குக்கு வந்தா அம்மோனைட்டே இல்ல. அதன் தூரத்துச் சொந்தமான நாட்டிலஸ் மட்டும் இருக்கு. டைனோசர் காலம் முடிஞ்சு அடுத்த காலம் பிறந்த மாற்றம் அது. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால நடந்தது. இதே மாற்றத்துக்கு உலகம் பூராவுக்கும் ஒரே எல்லைக்கல் வேணும்னு, துனீசியாவுல எல் கெஃப் ஊர் பக்கம் ஒரு மெல்லிய களிமண் அடுக்கோட அடிப்பக்கத்தைக் குறிச்சிருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கார்ல வர்றவங்க ஓடையில இறங்கி, பை நிறைய அம்மோனைட் பொறுக்கிட்டுப் போறாங்க. வீட்டு அலமாரியில அது அழகாத்தான் இருக்கும். ஆனா எந்த அடுக்குல இருந்துச்சுன்னு தெரியாத கல், சர்வே நம்பர் இல்லாத பத்திரம் மாதிரி. அதை வச்சு எந்த எல்லையும் நிர்ணயிக்க முடியாது.

வாங்க, பாருங்க, போட்டோ எடுங்க. கல்லை மட்டும் இருந்த இடத்துலயே விட்டுட்டுப் போங்க.