ஒரு வட்டம் வந்த வழி

விசைக்கு ஆட்பட்ட எஃகுத் தகடு ஒன்றில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தகைவு (ஓரலகுப் பரப்பின் மேல் வரும் விசை) எவ்வளவு என்று கேட்டால் ஒற்றை எண்ணாகப் பதில் வராது. அந்தப் புள்ளி வழியாக எப்படி வெட்டிப் பார்க்கிறோம் என்பதையும் சொன்னால்தான் பதில் உண்டு. நேராக வெட்டினால் ஓர் அளவு, சாய்த்து வெட்டினால் வேறோர் அளவு. வெட்டுமுகத்தைப் பிய்த்து இழுப்பதோ அழுத்துவதோ நேர்த்தகைவு. அந்த முகத்தை ஒட்டியே வழுக்கித் தள்ளுவது ஷியர் தகைவு. ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படி ஒரு ஜோடி. வெட்டுகளுக்கோ கணக்கே இல்லை.

இந்தக் கேள்விக்கு முதலில் ஒழுங்கான விடை தந்தவர் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி. 1822 செப்டம்பரில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவர் வைத்த கருத்தின் சாரம் இது: எல்லா வெட்டுகளையும் அளக்க வேண்டாம். தகட்டின் தளத்துக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வெட்டுகளில் நடப்பது தெரிந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அதற்கான சமன்பாடுகளில் சைனும் கொசைனும் நிறைந்திருக்கும். அவை சரியானவை, ஆனால் கண்ணுக்கு எதையும் காட்டுவதில்லை. கோணத்தை மாற்றினால் விடை எப்படி நகரும், எங்கே உச்சம் தொடும் என்பதைச் சமன்பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல யாராலும் முடியாது.

அதைக் கண்ணுக்குக் காட்டும் வேலை ரயில் பாதை போட்டவர்களிடம் வந்து சேர்ந்தது. கார்ல் குல்மான் பவேரிய ரயில்வேயில் பொறியாளராக இருந்தவர். 1849-இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் கிளம்பி, அங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மரப் பாலங்களையும் இரும்புப் பாலங்களையும் பார்த்து விரிவாக எழுதினார். 1855-இல் சூரிச்சில் பாலிடெக்னிக் திறந்தபோது பேராசிரியரானார். வடிவியல்தான் பொறியாளரின் தாய்மொழி என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 1866-இல் வெளிவந்த வரைபட நிலையியல் நூலில், வளையும் உத்தரம் ஒன்றுக்குள் ஒரு புள்ளியின் தகைவுகளை அவர் வட்டமாக வரைந்து காட்டினார். நாம் தேடும் வட்டம் பிறந்தது அந்தப் பக்கங்களில்தான்.

உத்தரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இழுவை உச்சமாக இருக்கும் திசையையும் அமுக்கம் உச்சமாக இருக்கும் திசையையும் கண்டு, அவற்றைத் தொடுத்துக்கொண்டே போனால் வளைந்து வளைந்து ஓடும் இரண்டு கோட்டுக் குடும்பங்கள் கிடைக்கும். ஒன்றை ஒன்று வெட்டும் இடமெல்லாம் செங்கோணம். குல்மான் அவற்றை வரைவதில் தேர்ந்தவர். அதே 1866-இல் சூரிச் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மான் ஃபான் மேயர், பிளந்த எலும்புகளைக் காட்டி அவற்றின் உள்ளே ஓடும் மெல்லிய எலும்பிழைகளைப் பற்றிப் பேசினார். தொடை எலும்பின் தலைப்பகுதியில் அந்த இழைகள் ஓடும் விதம், அதே மாதிரி வளைந்த ஒரு கிரேனுக்குத் தாம் வரையும் தகைவுக் கோடுகளைப் போலவே இருப்பதைக் குல்மான் கண்டார். எலும்பு தன் சுமைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்ற கருத்து பின்னால் ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் பெயரில் நிலைபெற்றது. அதன் தொடக்கம் இந்தச் சந்திப்பில் இருக்கிறது.

ஆனால் வட்டத்துக்கு நிலைத்தது குல்மான் பெயர் அல்ல, ஓட்டோ மோர் பெயர். மோர் 1835-இல் வடகடலை ஒட்டிய ஹோல்ஸ்டைன் பகுதியின் வெசெல்பூரன் என்ற சிற்றூரில் பிறந்தார். 16 வயதில் ஹனோவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அவரும் ரயில்வேக்காரர்தான், ஹனோவர், ஓல்டன்பர்க் பாதைகளில் வேலை பார்த்தபடியே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 32 வயதில் ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியர், 1873 முதல் ட்ரெஸ்டனில். 1882-இல் வந்த கட்டுரையில் அவர் வட்டத்தை உத்தரத்தை விட்டு வெளியே கொண்டுவந்தார். எந்தப் பொருளானாலும், எந்த விசையானாலும், சமதளம் மட்டும் அல்ல, மூன்று திசையிலும் தகைவு இருந்தாலும் இது செல்லும் என்று காட்டினார். பொருள் நீண்டு சுருங்கும் அளவான திரிபுக்கும் அதே வட்டம் பொருந்தும் என்றார். பெயர் அவருக்குப் போனதில் அநியாயம் ஒன்றும் இல்லை. என்றாலும் குல்மானைச் சொல்லாமல் வட்டத்தைக் கற்பிப்பது எனக்கு உறுத்துகிறது.

இப்போது கட்டத்தாளையும் காம்பஸையும் எடுத்துக்கொள்வோம். தகட்டின் புள்ளியில் கிடைத்திசையில் 80 மெகாபாஸ்கல் இழுவை, செங்குத்துத் திசையில் 20, இரண்டு முகங்களிலும் ஷியர் 40. கிடை அச்சில் நேர்த்தகைவு, நிமிர் அச்சில் ஷியர். முதல் முகத்துக்கு 80, 40 என்று ஒரு புள்ளி. அதற்குச் செங்குத்தான முகத்துக்கு 20, அச்சுக்குக் கீழே 40. (எந்தப் பக்கம் சுழற்றும் ஷியரை மேலே குறிப்பது என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வழக்கம் மாறும், ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சரி.) இரண்டையும் இணையுங்கள். கோடு அச்சை 50-இல் வெட்டும். அங்கே காம்பஸின் ஊசி. பென்சில் முனையை முதல் புள்ளிவரை விரித்தால் குறுக்கே 30, மேலே 40, ஆக ஆரம் 50. சுழற்றுங்கள். வட்டம் வலப்பக்கம் 100-ஐத் தொடும், இடப்பக்கம் சரியாகச் சுழியில் வந்து நிற்கும்.

அந்தச் சுழியைப் பாருங்கள். 80, 20, 40 என்று சிக்கலாகத் தெரிந்த நிலையில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு இழுவை! 100 மெகாபாஸ்கல், அதுவும் சாய்வாக. அதற்குச் செங்குத்தான திசையில் ஒன்றுமே இல்லை. சாய்வு எவ்வளவு என்பதையும் வட்டமே சொல்லும். மையத்தில் சுமார் 53 பாகைக் கோணம் விழுகிறது. அதில் பாதி, ஏறத்தாழ 26 அரை பாகை. இரண்டடி குறுக்கே போனால் ஓரடி ஏறும் சரிவு அது. தகட்டை அந்தச் சரிவில் ஒரே கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். நாம்தான் கோணலாக அளந்து மூன்று எண்ணாக எழுதியிருக்கிறோம். இந்த இடத்தில்தான் வட்டத்தின் மேல் எனக்குத் தீராத மதிப்பு. 80-ம் 20-ம் 40-ம் நாம் வெட்டிய விதத்தால் வந்தவை. மையமும் ஆரமும் எப்படி வெட்டினாலும் மாறாதவை. பொருளுக்குள் இருப்பது வட்டம்.

கோணம் ஏன் பாதி? தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள், காரணம் எளிது. வெட்டை 180 பாகை திருப்பினால் அது பழைய வெட்டேதான், தகைவும் பழைய தகைவேதான். எனவே பொருளில் அரைச்சுற்று சுற்றுவதற்குள் வட்டம் முழுச்சுற்றை முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வந்தாக வேண்டும். 90 பாகை திருப்பினால் விட்டத்தின் மறுமுனை.

கரும்பலகைச் சாக்பீஸ் ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். முறுக்கும்போது அதன் மேற்பரப்பில் ஷியர் மட்டுமே இருக்கிறது. வட்டத்தின் மையம் சுழியிலேயே நிற்கும். ஷியர் உச்சத்திலிருந்து இழுவை உச்சத்துக்கு வட்டத்தில் 90 பாகை, சாக்பீஸில் 45. அது உடைவதும் சுற்றிச்செல்லும் 45 பாகைச் சாய்வில்தான், ஏனென்றால் சாக்பீஸ் இழுவையைத் தாங்காது. அதே முறுக்கை மெல்லெஃகுக் கம்பிக்குக் கொடுத்தால் குறுக்கே தட்டையாக அறும். அது ஷியருக்கு விட்டுக்கொடுக்கும் பொருள். ஒரே வட்டம், இரண்டு சாவுகள்.

ஸ்டுட்கார்ட்டில் மோரின் மாணவராக இருந்த ஆகுஸ்ட் ஃபோப்ல், தம் ஆசிரியர்களிலேயே சிறந்தவர் மோர்தான் என்று பின்னாளில் எழுதினார். ஃபோப்லின் மாணவர் லுட்விக் பிராண்டில். பிராண்டில் இருந்த கோட்டிங்கனில் தியோடோர் ஃபான் கார்மன் 1911-இல் வெளியிட்ட சோதனைகளில் காராரா சலவைக்கல் உருளைகளைச் சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்து நசுக்கினார். சாதாரணமாகப் பொடிந்து நொறுங்கும் சலவைக்கல், ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் உலோகம்போல் பிதுங்கியது. 1900-இல் மோர் சொல்லியிருந்த ஒரு கருத்துக்கு நேரடிச் சோதனை அது: உடையும் நிலையில் வரையும் வட்டங்களெல்லாம் ஒரு பொதுக் கோட்டைத் தொடும், அந்தக் கோடே பொருளின் எல்லை. ரஷ்யப் பேரரசில் பிறந்து 1922-இல் அமெரிக்கா போன ஸ்டீஃபன் திமோஷெங்கோ, 1930-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ நூல் வழியாக இதையெல்லாம் ஆங்கிலம் படிக்கும் உலகுக்குக் கொண்டுசேர்த்தார். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் கையில் தலைமுறை தலைமுறையாகப் புரண்ட புத்தகம் அது.

வகுப்பறைக்கு வந்த பிறகு வட்டம் சற்று இளைத்துவிட்டது என்பேன். முதலில் சமன்பாடுகள், அவற்றை மனப்பாடம் செய்ய முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழியாகக் கடைசியில் வட்டம் என்பதுதான் பல வகுப்புகளின் வரிசை. இந்த வரிசை தலைகீழானது. வட்டத்தை முதலில் வரைந்தவர் அதிலிருந்து சமன்பாட்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார். சமன்பாட்டோடு நின்றவருக்குத் தவறு கண்ணில் படாது. மெல்லிய சுவருள்ள கொதிகலனை எடுங்கள். சுற்றுத்திசையில் தகைவு 100 என்றால் நீளவாக்கில் 50. சமன்பாட்டில் போட்டால் தளத்துக்குள் ஷியர் உச்சம் 25 என்று வரும். பலர் அதோடு எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் சுவரின் தடிமன் திசையில் தகைவு ஏறத்தாழச் சுழி. அந்தச் சுழியையும் அச்சில் குறித்தால் 50-க்கும் 100-க்கும் இடையே இருந்த சின்ன வட்டத்தை விழுங்கியபடி, சுழியிலிருந்து 100 வரை பெரிய வட்டம் ஒன்று எழும். உண்மையான உச்ச ஷியர் 50. இரண்டு மடங்கு! மோர் 1882-லேயே மூன்று திசைக்கும் வரைந்துவிட்டார். நாம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

1938-இல் அமெரிக்காவில் சிம்மன்ஸும் ரூஜும் தனித்தனியாக ஒட்டுக்கம்பித் திரிபுமானியைக் கண்டுபிடித்ததும் வட்டம் இயந்திரங்களின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. 0, 45, 90 பாகையில் மூன்று மானிகளை ஒட்டி மூன்று எண்களை எடுத்தால் திரிபு வட்டம் முழுதாகக் கையில் வந்துவிடும்.

மண்ணிடம் அது அடைந்த வாழ்வு இன்னும் பெரியது. மண் சோதனைக் கூடத்தில் 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமுமாக மண் உருளை ஒன்றை ரப்பர் உறையில் போட்டு, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து நசுக்குவார்கள். சுற்றழுத்தத்தை மாற்றி மூன்று உருளைகள், மூன்று வட்டங்கள். (மண்ணில் இழுவையை அல்ல, அமுக்கத்தையே வலப்பக்கம் குறிப்பது வழக்கம்.) மூன்றையும் தொடும்படி ஸ்கேலை வைத்து ஒரு கோடு. 1773-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் சொன்ன ஒட்டுத்திறனையும் உராய்வுக் கோணத்தையும் அந்தக் கோட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம். கோணம் 30 பாகை என்றால் உருளை கிடையிலிருந்து 60 பாகைச் சாய்வில் பிளக்கும் என்பதையும் தொடும் புள்ளியே சொல்லிவிடும்.

1920-களில் மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி இதில் தண்ணீரைச் சேர்த்தார். மண்துகள்களுக்கு இடையே தேங்கிய நீரின் அழுத்தம் எல்லாத் திசையிலும் நேர்த்தகைவை ஒரே அளவு குறைக்கும். ஷியரைத் தண்ணீர் தொடாது. எனவே வட்டம் சிறுக்காது, பெருக்காது. ஆரம் மாறாமல் அப்படியே இடப்பக்கம் நகரும். அங்கே எல்லைக்கோடு தாழ்ந்து கிடக்கிறது. அடைமழையில் மலைச்சரிவு சரிவதற்கான காரணத்தை இந்த ஒரு நகர்வில் காட்டிவிட முடியும்.

பாறைக்கும் அதே கதைதான். 1962 மார்ச்சில் டென்வர் நகருக்கு அருகே இருந்த ராணுவ ரசாயனத் தொழிற்சாலை தன் கழிவுநீரை 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் அழுத்திச் செலுத்தத் தொடங்கியது. சில வாரங்களில் சுற்றுவட்டாரத்தில் நிலநடுக்கங்கள் ஆரம்பித்தன. 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்தினார்கள். உள்ளே புகுந்த அழுத்தம் பரவிக்கொண்டே இருந்ததால் பெரிய நடுக்கங்கள் 1967-இல் வந்தன. அடுத்து அதே கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தார்கள். பாறையின் உராய்வை ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள், ஆழத்துத் தகைவைக் கிணற்றில் அளந்தார்கள். வட்டம் கோட்டைத் தொட நீரழுத்தம் சுமார் 257 பார் ஆக வேண்டும் என்று கணக்கு வந்தது. அதற்கு மேல் ஏற்றியபோது நடுக்கங்கள் பெருகின, கீழே இறக்கியபோது அடங்கின.

இதே கேள்வி நம் நாட்டிலும் உண்டு. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் 1962-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 1967 டிசம்பரில் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது, சிறிய நடுக்கங்கள் இன்றும் தொடர்கின்றன. நீர்த்தேக்கத்தால் தூண்டப்படும் நிலநடுக்கங்களை ஆராய உலகமே நாடும் இடமாக அது ஆகிவிட்டது. அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு முன்னோடித் துளையும் போட்டிருக்கிறார்கள். அந்த ஆழத்தில் பாறையின் தகைவும் நீரழுத்தமும் எவ்வளவு, வட்டத்துக்கும் கோட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதைத்தான் அங்கே இறங்கி அளந்துகொண்டிருக்கிறார்கள்.