தீக்குச்சியும் தாடை எலும்பும் – ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்பு வரலாறு

தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹெல்மெட், கையுறை, சுவரில் மாட்டிய எச்சரிக்கைப் பலகை, வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் உறுதிமொழி... இவ்வளவுதான். ஆனால் இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ சிலருடைய உடம்பு இருக்கிறது. வெறும் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டால் கூட அதற்குள் அறுபது வருட வரலாறு இருக்கிறது. ஒரு நோய் இன்ன காரணத்தால் வருகிறது என்று தெரிந்த பிறகும், அதை நிறுத்த உலகத்துக்கு ஏன் அறுபது வருடம் ஆனது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

எங்கே உரசினாலும் பற்றும் குச்சி

1830களில் ஐரோப்பாவில் ஒரு புதிய தீக்குச்சி வந்தது. குச்சியின் தலையில் இருந்த மருந்தில் வெண் பாஸ்பரஸ் கலந்திருந்தது. சுவர், செருப்பின் அடிப்பாகம், மேசை என்று எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். சிக்கிமுக்கிக் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு இது பெரிய அதிசயம். விலையும் குறைவு. சில வருடங்களிலேயே வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

சில வருடங்களிலேயே நோயும் வந்துவிட்டது. 1845ல் வியன்னாவைச் சேர்ந்த லோரின்சர் என்ற மருத்துவர், தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்தவர்களிடம் ஒரு விசித்திரமான நோயைக் கண்டு எழுதினார். முதலில் பல்வலி. பிறகு ஈறு வீங்கும். பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாது, சீழ் வடியும். கடைசியில் தாடை எலும்பே அழுகிச் செத்துப் போகும். பக்கத்தில் ஆள் நிற்க முடியாத அளவுக்கு நாற்றம் அடிக்கும். செத்த எலும்பை அறுத்து எடுத்தால் உயிர் பிழைக்கலாம், ஆனால் முகம் உருக்குலைந்துவிடும். பலர் பிழைக்கவே இல்லை. ஆங்கிலத் தொழிலாளர்கள் இதற்கு வைத்த பெயர் "பாஸி ஜா".

காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. மருந்து கலக்கும் இடத்திலும், குச்சிகளை மருந்தில் முக்கும் இடத்திலும், உலர்த்தும் இடத்திலும் பாஸ்பரஸ் ஆவி எழும். சொத்தைப் பல் இருந்தால் அதன் வழியாக எலும்பைத் தாக்கும். கை கழுவாமல் சாப்பிட்டால் உணவோடும் உள்ளே போகும். இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தெரிந்த விஷயம்.

மாற்று வழி கையிலேயே இருந்தது!

இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துகிற இடம் இதுதான். 1844ல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக் பாஷ் என்பவர் வெண் பாஸ்பரஸே இல்லாத தீக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றார். விஷத்தன்மை இல்லாத சிவப்பு பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் தடவினார். இன்று எல்லோர் வீட்டிலும் இருக்கிற தீப்பெட்டி அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை மேம்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் பிரிட்டிஷ் உரிமையை 1855ல் வாங்கியது யார் தெரியுமா? பிரையன்ட் அண்ட் மே நிறுவனம். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த இரண்டு வியாபாரிகள் தொடங்கிய கம்பெனி அது. 1861ல் கிழக்கு லண்டனின் போ பகுதியில் பெரிய ஆலை கட்டினார்கள். அங்கே பாதுகாப்பான தீக்குச்சியையும் செய்தார்கள். கூடவே வெண் பாஸ்பரஸ் குச்சியையும் செய்தார்கள். ஏனென்றால் பாதுகாப்பான குச்சியின் விலை கொஞ்சம் அதிகம், அது பெட்டியில் உரசினால்தான் பற்றும். எங்கே உரசினாலும் பற்றுகிற மலிவான குச்சியைத்தான் ஜனங்கள் கேட்டார்கள். கேட்டதை ஆலை கொடுத்தது. அதற்கான விலையை ஆலைக்குள் இருந்த பெண்கள் கொடுத்தார்கள்.

1888 – பெண்கள் வெளியே வந்தார்கள்

1888 ஜூன் 23ஆம் தேதி "தி லிங்க்" என்ற சிறு பத்திரிகையில், லண்டனில் நடக்கும் வெள்ளை அடிமைத்தனம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அன்னி பெசன்ட். ஆம், பின்னாளில் சென்னை அடையாறில் குடியேறி, 1907ல் பிரம்மஞான சபையின் தலைவராகி, 1917ல் காங்கிரஸ் தலைவரான அதே அன்னி பெசன்ட்தான். பெசன்ட் நகர் என்ற பெயர் அவருடையதுதான்.

பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் லாபப் பங்கு கொடுத்த அந்தக் கம்பெனியில், 16 வயதுப் பெண் ஒருத்தி வாரத்துக்கு 4 ஷில்லிங் சம்பாதித்தாள். கோடையில் காலை ஆறரை மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை. அந்தச் சம்பளத்திலும் அபராதம் பிடித்தார்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ். தாமதமாக வந்தால் அரை நாள் வெளியே நிறுத்தினார்கள். இயந்திரத்தில் விரல் வெட்டுப்படாமல் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த ஒரு பெண்ணுக்கு ஒரு ஷில்லிங் அபராதம் போட்டு, விரலைப் பற்றிக் கவலைப்படாதே, இயந்திரத்தைப் பார் என்ற ரீதியில் சொன்னதாகவும் பெசன்ட் எழுதினார். அந்தக் காலத்து "பாதுகாப்புக் கொள்கை" இதுதான் போலும்!

கட்டுரையில் இருப்பது பொய் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடும்படி நிர்வாகம் பெண்களைக் கேட்டது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண் வேலையை விட்டு நீக்கப்பட்டாள். ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் பலர் சிறுமிகள். யாரும் அவர்களைத் தூண்டிவிடவில்லை. பெசன்ட் கூட வேலை நிறுத்தம் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்குத் துணையாக வந்தார். ஒரு குழு பாராளுமன்றத்துக்கே போய் உறுப்பினர்களைச் சந்தித்தது. மூன்று வாரம் கூட ஆகவில்லை, நிர்வாகம் இறங்கி வந்தது. அபராதங்கள் ஒழிந்தன. எல்லோரையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேலாளரிடம் நேரடியாகக் குறை சொல்லும் உரிமை கிடைத்தது. வேலை செய்யும் இடத்திலிருந்து தள்ளி, சாப்பிடுவதற்குத் தனி அறை தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டு அறை என்பது இங்கே சௌகரியம் அல்ல. பாஸ்பரஸ் படிந்த மேசையில் ரொட்டியை வைத்துச் சாப்பிட வேண்டியதில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆனால் பாஸ்பரஸ் போகவில்லை

இந்த வேலை நிறுத்தத்தோடு தாடை நோயும் ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மை இல்லை. சண்டை கூலிக்கும் அபராதத்துக்கும் எதிராக நடந்தது. வெண் பாஸ்பரஸ் அதற்குப் பிறகும் 13 வருடம் அதே ஆலையில் இருந்தது.

1891ல் சால்வேஷன் ஆர்மி (இரட்சணிய சேனை) அதே கிழக்கு லண்டனில் ஒரு தீப்பெட்டி ஆலை திறந்தது. சிவப்பு பாஸ்பரஸ் மட்டும், காற்றோட்டமான கட்டடம், அதிகக் கூலி. விஷம் இல்லாமலும் தீக்குச்சி செய்ய முடியும் என்று காட்டினார்கள். ஆனால் விலை அதிகம். பத்து வருடம் தாக்குப்பிடித்து, 1901ல் பிரையன்ட் அண்ட் மே கைக்கே அந்த ஆலை போய்ச் சேர்ந்தது. நல்ல எண்ணம் மட்டும் வைத்துக்கொண்டு சந்தையில் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது ஒரு பாடம்.

அரசாங்கம் என்ன செய்தது? தடை செய்யவில்லை, விதிகள் போட்டது. காற்றோட்டம் வேண்டும், கை கழுவ வசதி வேண்டும், பல் மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளியில் தொழிலாளர்களின் பல்லைப் பார்க்க வேண்டும், தாடை வீங்கியவரை வேலையிலிருந்து விலக்க வேண்டும்... கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல்வலி என்று சொன்னால் பல்லைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். அப்படியானால் வாரம் சில ஷில்லிங்கை நம்பி வாழ்கிற பெண் பல்வலியை வெளியே சொல்வாளா? பாதுகாப்பு விதியே நோயை மறைக்கத் தூண்டுகிறது!

தொழிலாளி மட்டுமா மறைத்தார்? 1895 சட்டப்படி பாஸ்பரஸ் நோய் வந்தால் தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பிரையன்ட் அண்ட் மே தெரிவிக்கவில்லை. 17 பேருக்கு நோய் வந்ததை மறைத்தது அம்பலமாகி, 1898ல் வழக்கு நடந்தது. அபராதம் எவ்வளவு தெரியுமா? செலவையும் சேர்த்து 25 பவுண்டு சில்லறை. ஒரு தாடைக்கு ஒன்றரைப் பவுண்டு என்று கணக்கு வருகிறது.

தீர்வு எங்கிருந்து வந்தது?

பிரான்சில் தீப்பெட்டித் தொழில் அரசாங்கத்தின் ஏகபோகம். அங்கும் 1890களில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முதலாளியே அரசாங்கம் என்பதால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1898ல் செவென், கஹேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வெண் பாஸ்பரஸுக்குப் பதிலாக பாஸ்பரஸ் செஸ்குவி சல்ஃபைடு என்ற பொருளை வைத்து ஒரு கலவை கண்டுபிடித்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும், ஆனால் தாடையைத் தின்னாது. பிரையன்ட் அண்ட் மே இதன் உரிமையை வாங்கி, 1901ல் வெண் பாஸ்பரஸைக் கைவிட்டது.

ஆனாலும் மற்ற ஆலைகள் இருந்தனவே? பின்லாந்து 1872லும் டென்மார்க் 1874லும் தடை செய்துவிட்டன. பெரிய நாடுகள் மட்டும் தயங்கின. "நாங்கள் நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்காரன் மலிவாகச் செய்து சந்தையைப் பிடிப்பான்" என்பதுதான் எல்லோருடைய சாக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, எல்லோரும் சேர்ந்து நிறுத்துவது. 1906ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அதற்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் உருவானது. தொழிலாளர் நலனுக்காக நாடுகள் சேர்ந்து போட்ட முதல் ஒப்பந்தங்களில் அதுவும் ஒன்று. பிரிட்டன் முதலில் கையெழுத்துப் போடவில்லை. பிறகு 1908ல் சட்டம் இயற்றி, 1910 ஜனவரி 1 முதல் தடை செய்தது.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. ஒரு பொருளை நேரடியாகத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் இருந்ததால், 1912ல் 100 குச்சிக்கு 2 சென்ட் வரி போட்டார்கள். அந்த வரியைக் கட்டி யாரும் விற்க முடியாது! அதற்கு முன் 1911ல் டயமண்ட் மேட்ச் கம்பெனி, மாற்றுக் கலவைக்குத் தன்னிடமிருந்த காப்புரிமையை எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தது. ஜனாதிபதி டாஃப்ட்டே கேட்டுக்கொண்டிருந்தார். காப்புரிமை ஒருவர் கையில் இருந்திருந்தால் தடையினால் அந்த ஒருவருக்கே லாபம் போயிருக்கும்.

சிவகாசிக்கு வந்த குச்சி

இந்தியாவில் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913ல் வந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1923ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே விஷக் குச்சிக்கு இங்கே கதவு அடைக்கப்பட்டுவிட்டது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தீப்பெட்டி வேலை பார்த்த லட்சக்கணக்கான பெண்களுக்கு "பாஸி ஜா" என்ற பெயர் கூடத் தெரியாது. அதுதான் அந்தச் சட்டத்தின் வெற்றி.

அதனால் அங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. தீ விபத்துகள் இருந்தன. குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996ல் தீர்ப்பு வந்தது. ஒரு ஆபத்து போனால் வேறு ஆபத்துகள் மிச்சம் இருக்கும். ஆனால் போனது திரும்பி வரவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

இதில் என்ன பாடம்?

இன்று பாதுகாப்புப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வரிசை சொல்லித் தருகிறார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த பொருளை மாற்றாக வை. அதற்குப் பிறகு இயந்திரத் தடுப்பு, காற்றோட்டம். அதற்கும் பிறகு விதிகள், பயிற்சி. கடைசியில்தான் கையுறையும் முகமூடியும். தீப்பெட்டி வரலாறு இந்த வரிசையைத் தலைகீழாக நடத்திக் காட்டியது. கை கழுவு, பல்லைக் காட்டு, சாப்பாட்டைத் தள்ளி வை என்று தொழிலாளியைத் திருத்துவதில் பல வருடம் போனது. பொருளை மாற்றிய பிறகுதான் நோய் நின்றது.

இன்றைக்கும் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புத் திட்டத்தைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இது ஆபத்தை மாற்றச் சொல்கிறதா, ஆளை மட்டும் மாறச் சொல்கிறதா? இரண்டாவது என்றால், அங்கேயும் எங்கோ ஒரு பெண் பல்வலியை மறைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போ பகுதியில் இருந்த அந்த ஆலை 1979ல் மூடப்பட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. 1888ல் வெளியே வந்த பெண்களின் நினைவாக 2022ல் அங்கே ஒரு நீலப் பலகை பதித்தார்கள்.