சேலத்திலும் கப்பல்துறையிலும் நடந்த பிரசவ வழக்கு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் மேற்கே, மலையடிவாரத்தில், ரோனோக் நகரை ஒட்டிச் சேலம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையில் 1970களின் தொடக்கத்தில் ஒரு தொழிலாளிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வாரச் சம்பளத்தில் 60 சதவீதம், 26 வாரம் வரை கொடுத்தார்கள். பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டவருக்கும் கொடுத்தார்கள். அடிதடியில் காயப்பட்டவருக்கும், அழகுக்காக அறுவை செய்துகொண்டவருக்கும், பால்வினை நோய் வந்தவருக்கும் அந்தப் பணம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கிடையாது.

நான் அதே மாநிலத்தின் கிழக்குக் கரையில் மருத்துவமனை பில்லிங் பிரிவில் பல காலம் இருந்தவள். க்ளெய்ம் எதனால் திரும்பி வந்தது, எந்த விதியைச் சொல்லித் தள்ளினார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. அந்த விதிகளை யார், எப்போது, யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று தேடத் தொடங்கியபோது என் மாநிலத்தின் இரண்டு ஊர்கள் அகப்பட்டன.

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் முதல் திட்டம் 1926 வாக்கில் வந்தது. அதில் பெண்களுக்கே இடமில்லை. கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவார்கள், வாழ்க்கைப் பொறுப்பு தெரியாதவர்கள் என்பது அன்றைய தலைவர் ஜெரார்ட் ஸ்வோப்பின் எண்ணம். பிறகு பெண்களைச் சேர்த்தார்கள், பிரசவத்தை மட்டும் வெளியே வைத்தார்கள். அந்த விலக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு, பின்னர் இதை எதிர்த்து வழக்கில் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை போதும். பிரசவ விடுப்பில் இருந்தபோது அவருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிரசவத்தோடு சம்பந்தமில்லாத அந்த நோய்க்கும் பணம் மறுக்கப்பட்டது. இன்னொரு பெண்ணுக்குச் சம்பளம் நின்றதில் வீட்டு மின்சாரமே துண்டிக்கப்பட்டது.

மார்த்தா கில்பர்ட்டும் அவரோடு வேலை பார்த்தவர்களும் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சங்கத்தின் வழக்கறிஞர் ரூத் வெயாண்ட். 1974இல் ரிச்மண்ட் நீதிமன்றத்தில் பெண்கள் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 1976 டிசம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைக் கவிழ்த்தது. தீர்ப்பை எழுதியவர் வில்லியம் ரென்க்விஸ்ட். ஆணுக்குக் கிடைத்து, பெண்ணுக்குக் கிடைக்காத பாதுகாப்பு எதுவும் இந்தத் திட்டத்தில் இல்லை, சில ஆபத்துகள் சேர்ந்திருக்கின்றன, சில இல்லை, அவ்வளவே என்றார். கர்ப்பம் தரித்தவர்கள் ஒரு கூட்டம், தரிக்காதவர்கள் ஒரு கூட்டம், இரண்டாவது கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்களே என்ற வாதத்தை அந்த நீதிமன்றம் 1974இல் கலிஃபோர்னியா வழக்கு ஒன்றில் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

நிறுவனம் ஒரு கணக்கும் காட்டியது. 1970இல் இந்தத் திட்டத்துக்காகப் பெண் தொழிலாளி ஒருவருக்குச் சராசரியாக 82.57 டாலர் செலவு, ஆணுக்கு 45.76 டாலர், பிரசவத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும் என்றார்கள். பில்லிங் மேஜையில் இருந்த எனக்கு இந்தக் கணக்கை ஒப்ப மனம் வரவில்லை. இன்ஷூரன்ஸ் என்பதே ஒருவர் செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதுதான். புராஸ்டேட் சிகிச்சைக்கு ஆகும் செலவில் பெண்ணின் பிரீமியமும் சேர்ந்திருக்கிறது. அதைப் பெண்களுக்குச் சுமை என்று யாரும் பிரித்து எழுதியதில்லை. பிரசவத்தை மட்டும் ஏன் பெண்ணின் தனிச்செலவு என்று எழுத வேண்டும்? அந்தக் குழந்தைக்கு அப்பா கிடையாதா?

தோற்றவர்கள் அடங்கிவிடவில்லை. வெயாண்டும் பெண் வழக்கறிஞர்கள் சிலரும் நாடாளுமன்றத்தை நோக்கித் திரும்பினார்கள். 1978 அக்டோபர் 31 அன்று ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட, கர்ப்பத்தைக் காட்டி வேலையிலும் சலுகைகளிலும் பேதம் காட்டுவது சட்டவிரோதமானது.

இனி இரண்டாவது ஊர். நியூபோர்ட் நியூஸில் விமானம் தாங்கிக் கப்பல் கட்டும் பெரிய கப்பல்துறை இருக்கிறது. புதிய சட்டத்துக்காக 1979 ஏப்ரலில் அங்கே இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் திருத்தினார்கள். பெண் தொழிலாளியின் பிரசவத்துக்கு மற்ற நோய்களைப் போலவே மருத்துவமனைச் செலவு கிடைத்தது. ஆண் தொழிலாளியின் மனைவி பிரசவித்தால் மருத்துவமனைச் செலவுக்கு 500 டாலர்தான் உச்சவரம்பு. மனைவி நம்மிடம் வேலை பார்க்கவில்லையே என்பது நிர்வாகத்தின் வாதம்.

புகார் கொடுத்தவர் ஓர் ஆண் தொழிலாளி. பெண் தொழிலாளியின் கணவனுக்கு எந்த நோய் வந்தாலும் முழுப் பாதுகாப்பு, என் மனைவிக்கு மட்டும் ஏன் குறை என்று கேட்டார். 1983 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் நின்றது. 1976இல் மறுப்புத் தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான ஜான் பால் ஸ்டீவன்ஸ் இப்போது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். ரென்க்விஸ்ட் மறுத்தவர்கள் பக்கம் இருந்தார். மனைவிக்கு நேர்ந்த அநீதியைக் கணவனுக்கு நேர்ந்த நஷ்டமாகச் சொன்ன பிறகே சட்டம் காது கொடுத்தது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தத் தொழிலாளி கேட்டது நியாயம்.

இந்தத் தீர்ப்பு இங்குள்ள தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேருக்கு நேரடியாகப் பட்டது. எச்-4 விசாவில் வரும் பெண் கணவனின் டிபெண்டென்ட். 2015 வரை இவர்களுக்கு வேலை செய்ய அனுமதியே இல்லை. இன்றும் எல்லாருக்கும் இல்லை. எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் புதிதாக வந்த ஒரு பெண், “அக்கா, இவர் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல என் டெலிவரி சேருமா?” என்று பயந்தபடி கேட்டாள். “சேரும்மா, பயப்படாதே” என்று சொன்னேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு இந்த ஊர்க் கப்பல்துறை வழக்குதான் காரணம்.

ஒரு குடும்பத்தின் வைத்தியம் ஏன் ஓர் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டது என்றால், அது யுத்தகாலத்து ஏற்பாடு. 1942இல் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆள் பிடிக்க நிறுவனங்கள் இன்ஷூரன்ஸ் கொடுத்தன. 1954இல் அதற்கு வரிவிலக்கு உறுதியானது. சம்பள வேலை பெரும்பாலும் ஆணிடம் இருந்ததால் மனைவி அவன் அட்டையில் ஒரு பெயரானாள்.

வேலை வழியாக இல்லாமல் தனியாகப் பாலிசி வாங்கியவர்களை 1978 சட்டம் தொடவில்லை. என் கணவர் வேலையை விட்டுக் கான்ட்ராக்டில் போன காலத்தில் அதை நேரில் பார்த்தேன். எங்களுக்கு ஒரே வயது, இருவருக்கும் நோய் இல்லை. என் பிரீமியம்தான் அதிகம். அத்தனைக்கும் பிரசவம் அதில் அடங்காது. தேசியப் பெண்கள் சட்ட மையம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, இந்த விலைபேதத்துக்குத் தடையில்லாத மாநிலங்களில் அதிகம் விற்ற பாலிசிகளில் 92 சதவீதம் பெண்ணிடம் கூடுதலாக வசூலித்தன என்கிறது. புகைக்கும் ஆணைவிடப் புகைக்காத பெண்ணிடம் அதிகம் வாங்கியவையும் பாதிக்கு மேல்.

2009இல் இன்ஷூரன்ஸ் சீர்திருத்தச் சட்டத்தை விவாதித்த செனட் குழுவில் அரிசோனாவின் ஜான் கைல், தனக்குப் பிரசவச் சிகிச்சை தேவையில்லை, அதைக் கட்டாயமாக்கினால் பாலிசி விலை ஏறும் என்றார். உங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டிருக்குமே என்றார் மிச்சிகனின் டெபி ஸ்டாபெனோ. 2010இல் நிறைவேறிய அந்தச் சீர்திருத்தச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் அந்த விலைபேதத்தை நிறுத்தியது. தனிநபர் பாலிசியில் பிரசவமும் கட்டாயமானது.

விலை இறங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேலை வழியாகக் கிடைக்கும் குடும்பப் பாலிசியின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 1999இல் 5,791 டாலர், 2024இல் 25,572 டாலர். அதில் 6,296 டாலர் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம். பெரிய நிறுவனங்கள் தொழிலாளிக்கும் பிள்ளைகளுக்கும் இன்ஷூரன்ஸ் தராவிட்டால் அபராதம் உண்டு. மனைவிக்கோ கணவனுக்கோ தர வேண்டிய கட்டாயம் இல்லை. மகள் 26 வயது வரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம். அவள் கர்ப்பமானால் பரிசோதனைகளுக்குப் பணம் வரும், ஆனால் பெரிய நிறுவனத்தின் பாலிசியில் அவளுடைய பிரசவச் செலவை விலக்க இடம் இருக்கிறது. 2013இல் தேசியப் பெண்கள் சட்ட மையம் ஐந்து நிறுவனங்கள் மீது இதற்காகவே புகார் கொடுத்தது. அப்படித் தள்ளப்பட்ட க்ளெய்ம்கள் என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. அதனால் எனக்குத் தெரிந்த அம்மாக்களிடம், வருடாந்திரப் பதிவு நேரத்தில் “டிபெண்டென்ட் மகளின் டெலிவரிக்குக் கவரேஜ் உண்டா?” என்று எச்ஆரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.