நோய்ப்பெயரும் நோய்வரலாறும்: குழந்தைகட்கு உறும் அழற்சிநோய் பற்றிய ஓர் ஆய்வு

பொருள் முன்னது, பெயர் பின்னது. ஆயினும், பெயர் இடப்பெறும் வரையில் ஒரு பொருள் மாந்தர் கண்ணுக்குத் தனித்துத் தோன்றாமலே கிடத்தலும் உண்டு. மருத்துவ வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. அவற்றுள் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 2020ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்றுற்ற குழந்தைகள் சிலரிடம் சில வாரங்கள் கழித்துத் தோன்றிய பல்லுறுப்பு அழற்சி நோயும், அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்னர்ச் சப்பானில் அறியப்பட்ட கவாசாகி நோயும் எவ்வாறு பெயர் பெற்றன, அப்பெயர்கள் மருத்துவர்க்கு எவ்வாறு துணைநின்றன, எவ்வாறு இடர் விளைத்தன என்பனவே இக்கட்டுரையின் பொருளாம். பழந்தமிழ் மருத்துவ நூல்களை ஆராய்வார் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அஃது இறுதியிற் கூறப்படும்.

1. கவாசாகி கண்டது

1961ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தோக்கியோ நகரிலுள்ள செஞ்சிலுவை மருத்துவமனைக்கு நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கொணரப்பட்டான். அவனை நோக்கியவர் குழந்தை மருத்துவர் தொமிசாக்கு கவாசாகி (1925-2020). நாள்கள் பல கடந்தும் தணியாத காய்ச்சல், சீழின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், செம்புற்றுப் பழம் போன்ற நாக்கு, உடலிற் பரந்த தடிப்பு, கழுத்தில் நெறிகட்டி, சிவந்து வீங்கிய உள்ளங்கை உள்ளங்கால், பின்னர் விரல்நுனியினின்று உரியும் தோல் என இவை ஒருங்கே காணப்பட்டன. அக்காலத்து மருத்துவர் அறிந்த பெயர்களுள் இதற்கு அணித்தாய் நின்றது செம்புள்ளிக் காய்ச்சல். ஆயின் அதற்குரிய நுண்ணுயிர்ச் சான்று கிடைத்திலது. பெனிசிலினும் பயன் தந்திலது. சிறுவன் நலமுற்றான், நோய் இன்னதெனத் துணியப்படாமலே இல்லம் திரும்பினான்.

இவ்விடத்தில் கவாசாகி மேற்கொண்ட நெறி கருதத்தக்கது. கிடைத்த பெயர்களுள் ஒன்றை எடுத்து அதனுள் நோயை அடக்கிவிட அவர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டில் இத்தகைய குழந்தை மற்றொன்றைக் கண்டார். 1962ஆம் ஆண்டிலேயே ஏழு குழந்தைகளின் வரலாற்றை மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். 1967ஆம் ஆண்டில் ஐம்பது குழந்தைகளின் நிலையை 44 பக்க அளவில் சப்பானிய மொழியில் விரித்தெழுதி வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பு மிக நீண்டது. கடுங்காய்ச்சல், சளிச்சவ்வு, தோல், நிணநீர்க் கணு, விரலில் தோலுரிதல் என்னும் அனைத்தையும் அது தன்னுள் கொண்டிருந்தது. அதனைப் பெயர் என்பதினும் விளக்கம் என்றலே பொருந்தும். காரணம் அறியப்படாத நோய்க்குக் காரணத்தைச் சுட்டும் பெயரிடாது, கண்டவற்றையே பெயராக அடுக்கிய அடக்கம் அதில் விளங்குகின்றது. ஆங்கிலத்தில் இந்நோய் பற்றிய அவர்தம் கட்டுரை வெளிவந்தது 1974ஆம் ஆண்டில்தான். அவர்தம் பெயரே நோய்க்குப் பெயராய் நிலைத்தது பிறர் வழக்கால் என்க.

2. நற்குறி எனக் கொண்டதன் குறை

இந்நோய் பின்விளைவின்றித் தானே தணியும் என்பது 1967ஆம் ஆண்டில் கவாசாகி கொண்ட கருத்து. இதனை மறுப்பாரும் அந்நாட்டிலேயே இருந்தனர். நோய்க்கூற்றியல் அறிஞர் நொபொரு தனக்கா, இந்நோயுற்று இறந்த குழந்தை ஒன்றன் இதயத் தமனியிற் குருதிக்கட்டி இருந்ததைப் பிணஆய்வில் கண்டிருந்தார். தக்காசிரோ யமமோத்தோ என்னும் மருத்துவர் 1968ஆம் ஆண்டில் 23 குழந்தைகளை ஆராய்ந்து, அவருள் 11 பேர்க்கு இதய மின்வரைவில் மாறுபாடு உண்டெனக் காட்டினார். 1970ஆம் ஆண்டில் சப்பான் நாடு முழுமைக்கும் நடத்தப்பெற்ற கணக்கெடுப்பு ஐயத்தை அகற்றிற்று. தேறிவந்த குழந்தைகள் சிலர் திடுமென இறந்ததும், பிணஆய்வு செய்யப்பெற்ற பதின்மரிடத்தும் இதயத் தமனி புடைத்துக் குருதி உறைந்திருந்ததும் புலனாயின.

தோலையும் நாவையும் சுட்டி எழுந்த முதற்பெயர் இதயத்தைச் சுட்டவில்லை. புறத்தே தோன்றிய குறிகளால் பெயர் பெற்ற நோயின் கொடுமை அகத்தே இருந்தது. பெயர் காட்டியதை மட்டுமே நோக்கியிருப்பின், காய்ச்சல் தணிந்த குழந்தையை நலமுற்றதென்றே கருதி விடுத்திருப்பர். 1984ஆம் ஆண்டில் புரூசோ குழுவினரும், 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூபர்கர் குழுவினரும் குருதியினின்று எடுக்கப்படும் இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியே செலுத்துவதன் பயனை நிறுவினர். மருத்துவம் பெறாதவருள் ஏறத்தாழ நாலில் ஒருவர்க்கு உண்டாகும் தமனிப்புடைப்பு, காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் இம்மருந்து செலுத்தப்பெறின் நூற்றுக்கு ஐந்து என்னும் அளவிற் குறைகின்றது. எனவே உரிய காலத்தில் நோயை இனங்காணல் உயிர் காக்கும் செயலாயிற்று.

3. பெயருக்கு முற்பட்ட பொருள்

1961ஆம் ஆண்டிற்கு முன் இந்நோய் இல்லையோ எனின், இருந்தது. இலண்டன் நகர்ப் புனித பார்த்தலோமியு மருத்துவமனையைச் சார்ந்த சாமுவேல் கீ என்பார், 1871ஆம் ஆண்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் இதயத் தமனிகளில் இருந்த புடைப்புகளைக் குறித்து எழுதினார். பிற்காலத்தில் ‘குழந்தைப் பல்தமனி அழற்சி’ என்னும் பெயரால் பிணஆய்வாளர் பலர் இத்தகைய நிலையை எழுதி வைத்தனர். உயிருள்ள குழந்தையின் நோய்க்கு மருத்துவர் இட்டது ஒரு பெயர். இறந்த குழந்தையின் இதயத்திற்குப் பிணஆய்வாளர் இட்டது மற்றொரு பெயர். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது 1970களில்தான் தெளிவாயிற்று.

4. 2020ஆம் ஆண்டு நிகழ்ந்தது

இத்தாலியின் பெர்கமோ நகரில் 2020 பிப்பிரவரி 18 முதல் ஏப்பிரல் 20 வரையில் கவாசாகி நோயை ஒத்த குறிகளோடு பத்துக் குழந்தைகள் வந்தனர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் அங்கு வந்தோர் 19 பேரே. மாத அளவிற் கணக்கிடின் பெருக்கம் முப்பது மடங்கு ஆகும். பதின்மருள் எண்மரிடம் கொரோனா நுண்மிக்குரிய எதிர்ப்பொருள் இருந்தது. இலண்டனில் அவ்வேப்பிரலில் பத்து நாள் எல்லைக்குள் எட்டுக் குழந்தைகள் அதிர்ச்சிநிலை உற்றுச் சேர்க்கப்பட்டனர். சென்னை நகரிலும் அவ்வாண்டிலேயே இத்தகைய சிறுவன் ஒருவன் மருத்துவம் பெற்றுத் தேறிய வரலாறு இந்தியக் குழந்தை மருத்துவர் இதழில் வெளிவந்தது.

கவாசாகி என்னும் பெயர் முன்னரே இருந்தமையால் இக்குழந்தைகள் விரைவில் இனங்காணப்பட்டனர். இம்யூனோகுளோபுலினும் உடன் கையாளப்பட்டது. இது பெயரால் விளைந்த நன்மை. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. கவாசாகி நோய் பெரும்பாலும் ஐந்து வயதிற்குட்பட்டோரைப் பற்றுவது. புதிய நோயோ எட்டு, ஒன்பது வயதினரை மிகுதியும் பற்றிற்று. வயிற்றுவலியும், இதயத்தசைத் தளர்ச்சியும், குருதியழுத்த வீழ்ச்சியும் இதன்கண் விஞ்சி நின்றன. தொற்று உற்று இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழிந்த பின்னரே இது தோன்றிற்று. ஆகலின், நுண்மியைத் தேடும் சோதனை பலரிடத்து இல்லையெனவே காட்டிற்று. பழம்பெயரை அவ்வாறே இட்டிருப்பின் இவ்வேறுபாடுகள் மறைந்திருக்கும்.

பிரித்தானியக் குழந்தை மருத்துவர் கழகத்தார் 2020 மே முதல் நாளில் இட்ட பெயரில் நுண்மியோடு ‘காலத்தால் தொடர்புற்ற’ என்னும் அடைமொழி அமைந்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதன்றி, ஒன்றால் ஒன்று நிகழ்ந்தது என அவர் கூறிற்றிலர். மே 14ஆம் நாள் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தார் இட்ட பெயரில் ‘தொடர்புற்ற’ என்னும் சொல் நின்றது. ‘காலத்தால்’ என்பது இல்லை. மறுநாள் உலக நலவாழ்வு நிறுவனமும் தன் வரையறையை வெளியிட்டது. ஒரு சொல்லின் இருப்பும் இன்மையும் சான்றின் வலிமை பற்றிய இருவேறு துணிவுகளைக் காட்டுதல் சொல்லாராய்ச்சியாளர் நோக்கற்பாலது. தமிழ் இதழ்களில் வழங்கும் ‘பல்லுறுப்பு அழற்சி நோய்’ என்னும் ஆக்கத்தில் இவ்விரண்டுமே இல்லை. கலைச்சொல் ஆக்குவார், மூலத்தின் பொருளோடு அதன் ஐயத்தையும் பெயர்த்தல் வேண்டும்.

5. தமிழாய்வுக்கு ஒரு குறிப்பு

பாலவாகடம் முதலிய நூல்களில் மாந்தம், கணம் எனப் பல குழந்தைநோய்கள் வகுத்துரைக்கப்படுகின்றன. அவற்றுள் காய்ச்சலும் தடிப்பும் கூடிய ஒன்றைக் கண்டவுடன், கவாசாகி நோயை நம்மவர் முன்னரே அறிந்திருந்தனர் எனத் துணிவார் உளராகலாம். கீ எழுதிய சிறுவன் உற்றது இந்நோயே என இன்று கொள்வதற்கு ஏதுவாய் நிற்பன, தமனிகளில் நேரிற் கண்டு எழுதப்பெற்ற புடைப்புகள். நோயின் பெயர் ஒன்றே எஞ்சியிருப்பின் அத்துணிபு இயலாது. அவ்வாறே, ஒரு பழம்பெயர்க்கு நேராக ஓர் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதி அமையும் அகராதி, அந்நூலார் கண்டவற்றையெல்லாம் மறைத்துவிடும். குறிகள் யாவை, எவ்வரிசையில் தோன்றின, எத்தனை நாள் நின்றன, முடிவு யாதாயிற்று என்பனவற்றை ஏட்டில் உள்ளவாறே தொகுத்தல் முதற்கடன். இணைச்சொல் தேடல் அதன் பின்னரே நிகழற்பாலது. கவாசாகி முதற் சிறுவனைக் கண்டு ஆறாண்டுகள் தொகுத்த பின்னரே நூலாக்கினார். ஏடாய்வார்க்கும் அந்நெறியே தக்கது.