மூன்றில் ஒரு பங்கு குளிசை: வன்னியின் மலேரியாவும் மருந்தின் வடிவமும்

வன்னியில் இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றங்களில் மலேரியா நெடுங்காலம் நிலைகொண்டிருந்தது. கனகராயன் ஆறு போன்ற ஆறுகள் வற்றும் பருவத்தில் மணற்படுக்கைக் குழிகளில் தேங்கும் தெளிந்த நீரில் அனோபிலிஸ் நுளம்பு பெருகும். இலங்கையில் மிகுதியாகக் காணப்பட்டது வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணி. குருதியை விட்டு நீங்கிய பின்னும் ஈரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் காய்ச்சலைத் தருவது அதன் இயல்பு. ஆதலால் குளோரோகுயின் 3 நாளும் பிரைமாகுயின் 14 நாளும் கொடுக்கப்பட்டன.

இரண்டும் வளர்ந்தோருக்கென ஆக்கப்பட்ட கசப்புக் குளிசைகள். கிலோவுக்கு 10 மி.கி. என்ற முதல்நாள் அளவின்படி 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 100 மி.கி. குளோரோகுயின் வேண்டும், குளிசையில் இருப்பதோ 150 மி.கி. பிரைமாகுயினில் கிலோவுக்கு 0.25 மி.கி. என்று கொண்டால், 7.5 மி.கி. குளிசையின் மூன்றில் ஒரு பங்கு. குளிசையை உடைத்தால் அரை வரும், மறுபடி உடைத்தால் கால் வரும். மூன்றில் ஒன்றை எந்தத் தாயாலும் உடைத்தெடுக்க முடியாது. வயதுப்படி அரை, கால் என வகுத்த அட்டவணைகள் இந்தக் குறைக்குச் செய்துகொண்ட சமாதானமே. சீனித்தண்ணீரில் கரைத்தாலும் கசப்பு போகாது. பிள்ளை துப்பியதோடு எவ்வளவு மருந்து போயிற்று என்று அறிய வழியில்லை. காய்ச்சல் விட்டு ஓடியாடும் பிள்ளைக்கு 14 நாளும் இதைக் கொடுப்பது அதைவிடக் கடினம்.

பாணி மருந்தே தீர்வு என்பது பொதுவான எண்ணம். வன்னிக்கு அது பொருந்தாது. போத்தல் கனமானது, வெப்பத்தில் பல பாணிகள் கெடும், தூளாக வரும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொதித்தாறிய நீரில் கலக்க வேண்டும், கலந்ததை நெடுநாள் வைத்திருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் சிறுவருக்கான முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 2007இல் வெளியிட்டது; அடுத்த ஆண்டு அதன் நிபுணர்கள் நீரில் கரையும் குளிசை போன்ற திண்ம வடிவங்களுக்கே முன்னுரிமை தந்தனர். ஒரு கரண்டி நீரில் கரைவது, சரியான அளவில் வருவது, குளிர்சாதனப் பெட்டி கேட்காதது என மூன்றும் அதில் கூடிவருகின்றன. 2009இல் செரிப்பழச் சுவையுடன் சிறுவருக்கான மலேரியாக் குளிசை வந்தது. 14 நாள் பிரைமாகுயினுக்கு மாற்றாக ஒரே தடவையில் கொடுக்கும் தபெனோகுயினின் கரையும் சிறுவர் குளிசைக்கு அவுஸ்திரேலியா 2022இல் ஒப்புதல் அளித்தது. இலங்கையில் உள்நாட்டுத் தொற்று கடைசியாகப் பதிவானது 2012இல். மலேரியா அற்ற நாடென்ற சான்று 2016இல் கிடைத்தது. வன்னிப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்த குளிசை அவர்களுக்கு வேண்டாத காலத்தில் வந்தது. ஏழைப் பிள்ளைகளின் நோய்க்குச் சந்தை சிறிது என்பதைத் தவிர இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இன்று கிளினிக் வரிசையில் முதியோரே அதிகம். அவர்களது இடர் வேறு. விழுங்கமுடியாத பெரிய குளிசையை வீட்டார் நசுக்கிக் கொடுக்கிறார்கள். மெல்லக் கரையும் நீரிழிவுக் குளிசையான மெற்போர்மினை நசுக்கினால் நாள் முழுதும் வெளிவர வேண்டிய மருந்து ஒரேயடியாக வெளிவரும். குடலில் கரையவென உறையிட்ட அஸ்பிரினின் காப்பும் அவ்வாறே போய்விடும். பிள்ளைக்குக் கரைப்பது நன்மை, முதியவருக்கு நசுக்குவது சில வேளை தீமை என்ற வேறுபாடு குளிசையைப் பார்த்துத் தெரிவதில்லை.

எனவே அரச கொள்வனவில் விலையோடு வடிவமும் அளவுகோலாக வேண்டும். நசுக்கக் கூடாத குளிசைக்கான உறையில் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் குறிக்கவேண்டும்.