வடை சுட்ட பாட்டி



காக்கையும் நரியும் கதை தெரியாத பிள்ளை நம் தோட்டங்களில் இருக்க முடியாது. அந்தக் கதை கிரேக்க நாட்டு ஈசாப்பின் பெயரால் வழங்கி வருவது. பழைய கிரேக்க வடிவத்தில் காக்கையின் அலகில் இருந்தது இறைச்சித் துண்டு. பின்னர் இலத்தீனில் பாடியவர் அதைப் பாலாடைக்கட்டி ஆக்கினார். அங்கெல்லாம் பாட்டியே கிடையாது. தமிழர் வாய்க்கு வந்த பிறகுதான் இறைச்சி வடையாயிற்று. வடை வந்ததும் அதைச் சுடுவதற்கு ஒரு கிழவியும் வந்து சேர்ந்தாள். வகுப்பில் நாங்கள் காக்கையைப் பற்றிக் கேள்வி கேட்கிறோம், நரியைப் பற்றியும் கேட்கிறோம். தள்ளாத வயதில் அந்தப் பாட்டி ஏன் மரத்தடியில் அடுப்பு மூட்டினாள், பருப்பும் எண்ணெயும் அவளுக்கு எப்படிக் கிடைத்தன என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்போம்.

வடை பழைய பண்டம். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ஏறக்குறைய 1130ஆம் ஆண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில், உளுந்து வடையைப் பாலில் ஊறவைக்கும் முறை கூட வருகிறது. அது அரண்மனைச் சமையல். நம் பாட்டிக்கு அங்கே வேலை இல்லை.

அவளை நாம் தேட வேண்டிய இடம் லயத்து வீடு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பினாங்கிலோ, 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1972 முதல் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். ஆள் வந்த வழியில்தான் பருப்பும் வந்தது. கடலைப் பருப்பு இந்த மழை மண்ணில் விளைவதில்லை. மூட்டையாகக் கப்பலில் வந்து, கடைக்குப் போய், கடன் புத்தகத்தில் ஏறி, அதன் பிறகே அம்மிக்கு வரும். 1920களின் இறுதியில் கிள்ளான் போன்ற வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இரப்பர் விலை விழுந்த 1930களின் தொடக்கத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டில் வடை என்றால் தீபாவளி, கோயில் திருவிழா, செத்தவர்க்குப் படையல், அவ்வளவுதான். மற்ற நாளில் சட்டி வைத்தவள் விற்பதற்காகவே வைத்தாள். கணவனை இழந்தவளாக இருப்பாள். அல்லது பால் வெட்டக் கண் தெரியாதவளாக இருப்பாள். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் அவள் உட்காருவதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கள்ளுக்குப் போன கூலியில் சில காசாவது அந்தச் சட்டி வழியாக ஒரு குடும்பத்துக்குத் திரும்பியது என்பது என் எண்ணம். தோட்டத்துக் கணக்கேட்டில் அவள் பெயர் இராது. பெரட்டில் நின்றவர்களுக்கும் பால் எடை போட்டவர்களுக்கும்தான் அதில் இடம்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. கப்பல் நின்றது. நாட்டுக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. அரிசியே இல்லாதபோது பருப்புக்கு எங்கே போவது? மரவள்ளிக்கிழங்கு வந்தது. கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, நச்சுத்தன்மை உள்ள சாற்றை வெளியேற்றி, உப்பும் மிளகாயும் சேர்த்துத் தட்டினார்கள். எண்ணெய் கிடைத்தால் பொரித்தார்கள். கிடைக்காவிட்டால் வெறுங்கல்லில் வாட்டினார்கள். 1942லும் 1943லும் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. வீட்டில் மிஞ்சிய பெண்கள் கிழங்கு வடை தட்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

அதே 1943இல், வெகு தொலைவில், வேறொரு மக்களையும் இரயில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிரேக்க நாட்டில் சலோனிக்கா என்ற துறைமுக நகரம். 1492இல் ஸ்பெயின் நாட்டு அரசனும் அரசியும் விரட்டிய யூதர்களில் பலர் துருக்கிச் சுல்தானின் ஆட்சியிலிருந்த அந்நகரில் குடியேறினர். செபார்டி யூதர்கள் என்று அவர்களுக்குப் பெயர். நானூற்றைம்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் வீட்டில் பழைய ஸ்பானிய மொழியையே பேசி வந்தார்கள்; நம் லயத்தில் தமிழ் பேசியது போல. அவர்களுக்கும் ஒரு வடை உண்டு. லீக்ஸ் என்னும் தடித்த வெங்காயத்தாளை வேகவைத்துப் பிழிந்து, ரொட்டித்தூளோ உருளைக்கிழங்கோ, வசதி இருந்தால் கொத்திறைச்சியோ சேர்த்து, முட்டை விட்டுப் பிசைந்து தட்டிப் பொரிப்பார்கள். கெஃப்தெஸ் என்பார்கள். பக்கத்து வீட்டுக் கிரேக்கர் இறைச்சியில் செய்வது கெஃப்தேதெஸ். இரண்டும், வட இந்தியரின் கோப்தாவும், இடித்தது என்று பொருள்படும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. இறைச்சி குறைவாக இருந்தால் லீக்ஸைக் கூட்டிக்கொள்வார்கள். ஏழை வீட்டுக் கணக்கு எங்கும் ஒன்றுதான் போலும்.

1943 மார்ச் 15ஆம் நாள் சலோனிக்காவிலிருந்து முதல் இரயில் புறப்பட்டது. சில மாதங்களில் 40,000க்கும் மேற்பட்ட யூதர்களை ஜெர்மானிய நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினர். பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். தப்பிய சிலரின் வீடுகளில், பஸ்கா பண்டிகை வாரத்தில் புளித்த ரொட்டி ஆகாது என்பதால் புளியாத ரொட்டியைத் தூளாக்கிச் சேர்த்து, அந்த வடை இன்றும் சுடப்படுகிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் தாய்மார்களுக்கு: நான்கு தண்டு லீக்ஸ், இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு முட்டை, உப்பு, மிளகுத்தூள். லீக்ஸின் மடிப்புகளில் மண் தங்கியிருக்கும், பிளந்து கழுவுங்கள். வெந்ததும் கைப்பிடியாக எடுத்து ஒட்டப் பிழிய வேண்டும். நீர் நின்றால் எண்ணெயில் உடைந்துவிடும். நம் மசால் வடையிலும் இதே சங்கதிதான். பருப்பை வடித்து, தண்ணீர் விடாமல், கொரகொரப்பாக அரைக்க வேண்டும். ஒரு பிடிப் பருப்பை அரைக்காமல் முழுதாகச் சேர்த்தால் கடிக்கும்போது நன்றாயிருக்கும்.

எண்ணெய்க்கும் ஒரு கதை இருக்கிறது. ஸ்பெயினில் மதம் மாற்றப்பட்ட யூதர்கள், பன்றிக்கொழுப்பை விட்டு எண்ணெயில் சமைத்தால், பழைய மதத்தை மறக்கவில்லை என்று விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். அடுப்பு வாசனையே சாட்சி ஆயிற்று! இங்கே, கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடவு தொடங்கியது. பின்னாளில் இரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். தேங்காயெண்ணெய் இருந்த சட்டியில் இன்று கொதிப்பது, நீங்கள் குலை வெட்டிப் போட்ட பழத்தின் எண்ணெய்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது வெளியேறிய பெண்கள் பலர் சட்டியையும் எடுத்துச் சென்றார்கள். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கமும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், இன்று மாலையில் வடை வாங்க நிற்பவர்கள் தமிழர் மட்டுமல்லர். மலாய்க்காரர்கள் மசால் வடையை மசாலொடே ஆக்கி, நோன்பு மாதச் சந்தையிலும் வைத்துவிட்டார்கள். ஜப்பான் காலத்துக் கிழங்கு வடையைத் தின்று வளர்ந்தவர்களுக்கோ இன்று எண்பது வயதுக்குக் குறையாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், எந்தத் தோட்டம், யார் சுட்டது, எதைப் போட்டுச் சுட்டது என்று கேட்டு, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சுட்டவரின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.