வீட்டை விட தூணுக்கு விலை அதிகம்!

போன வாரம் வகுப்பில் தேய்மானம் பாடம். சொத்து பழசாக ஆக மதிப்பு குறையும், கடைசியில் மிஞ்சுவது ஸ்கிராப் வேல்யூ என்று எழுதிக் கொண்டோம். எனக்கு உடனே செட்டிநாட்டு வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே பல வீடுகளுக்கு அந்த ஸ்கிராப்பே எமனாகி விட்டது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று போய் கொடுக்கல் வாங்கல் தொழில் செய்தார்கள். சம்பாதித்த பணம் ஊரில் வீடாக எழுந்தது. பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலி மார்பிள், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்!

பிறகு அடி மேல் அடி. 1930-களில் உலகப் பொருளாதார மந்தம். 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. 1948-ல் சுதந்திரம் அடைந்த பர்மா, நிலங்களை தேசியமயமாக்க சட்டம் போட்டது. வருமானம் நின்று போனது, வீட்டுச் செலவு நிற்கவில்லை.

ஓடு மாற்ற வேண்டும், ஒழுகும் தளத்தைச் சரி செய்ய வேண்டும், சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் (குடும்பங்கள்) பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ரிப்பேருக்கு யார் முதலில் பணம் போடுவது? முழு வீடாக வாங்க வருபவரோ ரிப்பேர் செலவைக் கழித்துத்தான் விலை கேட்பார்.

ஆனால் தூணுக்கும் கதவுக்கும் அந்தக் கழிவு கிடையாது. கூரை ஒழுகினால் தேக்கின் விலை குறையுமா என்ன? வீட்டைப் பிரித்து விற்று பணத்தைப் பங்கு போடுவது சுலபம். அப்படிப் பிரித்த தூண்களும் நிலைகளும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

எல்லா வீடும் அப்படிப் போய்விடவில்லை. சில வீடுகள் ஓட்டல்களாகிப் பிழைத்தன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம் பிடித்தன. ஆனால் விற்ற தூண் திரும்பி வராதே!

எங்கள் தாத்தா வீடு இவ்வளவு பெரிசெல்லாம் இல்லை. ஐந்து பங்கு, ஒழுகும் முற்றத்து ஓடு. மூன்று வருஷமாக "பேசிக்கலாம்" என்கிறார்கள். போன தீபாவளிக்கு ஒருவர் வந்து வாசல் கதவுக்கு மட்டும் விலை கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் "எவ்வளவு?" என்றார்.